ஜன்னல் வைத்த குடிசை

"குட்சைக்கு எதுக்குடி ஜன்னலு?"

அனுசுயா இப்படிக் கேட்டபோது காவ்யாவின் கையில் காபி டம்ளர்கள் அடுக்கிய தட்டு இருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பதில் அவளுக்குக் கிடைத்தது மறுநாள் பாத்திரம் துலக்கும்போது. 'உள்ளே இருக்கிறவள் வெளியே பார்க்கிறதுக்கு.' எவ்வளவு சின்னப் பதில்! ஆனால் அதைக் கேட்க வேண்டியவள் அதற்குள் குமணன்சாவடிக்குத் திரும்பிப் போய், தன்னுடைய பியூட்டி பார்லரில் யாருக்கோ புருவம் திருத்திக்கொண்டிருந்தாள்.

காவ்யாவுக்கு எப்போதும் இப்படித்தான். பேச வேண்டிய நேரம் போன பிறகுதான் பேச்சு வந்து சேரும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், உட்காரச் சொல்லும்வரை. அந்த நிற்றலுக்குப் பயந்தே பத்தாவதோடு படிப்பை விட்டாள். அண்ணனூர் வீட்டில் சமைப்பது, துவைப்பது, மிச்ச நேரத்தில் எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பது என்று நாள் போயிற்று. தீப்பெட்டியில் பீரோ செய்வாள். பல் குத்தும் குச்சியில் கட்டில் செய்வாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "கைவேலை நல்லா கீது, வாய்தான் இல்ல" என்பார்கள்.

இந்த ஜன்னல் பேச்சு எப்படி வந்தது என்றால், அக்கா விஜியின் மகள் கிருஷ்ணப்பிரியா பெரியவளாகிவிட்டாள். தாய்மாமன் என்கிற முறையில் காவ்யாவின் அண்ணன் செல்வகுமார் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு போய்க் குடிசை கட்ட வேண்டும். சடங்கு நடக்கிற வரைக்கும் பெண் அந்தக் குடிசைக்குள் இருப்பாள். சடங்கன்று அதைப் பிரித்துக் கொளுத்திவிடுவார்கள். அவர்கள் பக்கத்து வழக்கம் இது.

செல்வகுமார் ஓலைக்கு அலைந்தான். செம்பரம்பாக்கம் பக்கம் போனால் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, தான் ஓட்டுகிற கம்பெனி வேனிலேயே போய், பிளாட் போட்ட கற்களுக்கு நடுவே நின்றிருந்த தென்னை மரத்தைக் கண்டுபிடித்து, காவலாளியின் கையைக் காலைப் பிடித்து வெட்டி வந்துவிட்டான். ஆனால் விஜி குடியிருப்பது மாடிப் போர்ஷனில். ஓலையைப் பார்த்ததும் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியிலேயே குறுக்கே நின்றுகொண்டார். "பூச்சி வரும், பூரான் வரும், அதெல்லாம் மேல ஏத்தக் கூடாது" என்றார். செல்வகுமார் எவ்வளவோ கெஞ்சினான். ஓலை வேனிலேயே காய்ந்தது. பிரியா கூடத்தின் மூலையில், கொடியில் புடவை கட்டி மறைத்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டாள்.

அங்கிருந்து அவள் சித்திக்குப் போன் போட்டாள்.

"சித்தி, செம போரு. பால்கனில நிக்காத, ஜன்னல்கிட்ட போவாத, கண்ணாடி பாக்காதன்னு உயிரை எடுக்கறாங்கோ. மாமா குட்சை கட்டிருந்தா அதுல ஜன்னல் இருந்திருக்குமா?"

"இருக்காது."

"அப்ப நீ எனக்கு ஒண்ணு செஞ்சி குடு. ஜன்னல் வெச்சி. கதவு வெச்சி. தொறந்து மூடற மாதிரி. பொய்க் கதவு வேணாம், ஆமா."

போனில் மட்டும் காவ்யாவுக்கு ஓரளவு பேச வரும். "செய்றேன்" என்றாள்.

இந்தச் சேதி செல்வகுமார் காதில் விழுந்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. சடங்குக்கு நாள் குறிக்க விஜியின் நாத்தனார் அனுசுயா வந்து உட்கார்ந்து, "மாமன்காரன் குட்சை கட்டாத சடங்கு இன்னா சடங்கு?" என்று ஏறிப் பேசியபோது, அவன் சட்டென்று சொல்லிவிட்டான்: "கட்டுறோம் அக்கா. ஓலைல இல்ல, பலகைல. சின்னதா, மேடைல வைக்கிற மாதிரி. காவ்யா செய்யுது. கதவு, ஜன்னல் எல்லாம் வெச்சி."

அப்போது வந்த கேள்விதான் அது.

காவ்யா அடுப்படிக்குள் ஓடியபிறகும் அனுசுயா விடவில்லை. "நானுந்தான் குட்சைல உக்காந்தேன். எனக்கு இன்னா கொறைஞ்சிபூட்ச்சி? சரி, செய்யுங்கோ. ஆனா ஒண்ணு. குட்சைன்னா கடைசில கொளுத்தியே ஆவணும். அதுதான் முறை. கொளுத்தக் கூடாதுன்னா அது ஊடா இருக்கணும். கதவு, ஜன்னலு எல்லாம் தொறந்து மூடினா ஊடுன்னு ஒத்துக்கறேன். ஒண்ணு தொறக்கலைனாலும் மண்டபத்துக்குப் பின்னாடி நானே கொளுத்துவேன். அப்புறம் யாரும் மூஞ்ச தூக்கக் கூடாது."

"ஒத்துக்கறேன் அக்கா" என்று செல்வகுமார் தலையை ஆட்டினான். செய்யப் போவது அவனில்லை, அதனால் சுலபமாக ஆட்டினான்.

காவ்யா வேலையைத் தொடங்கினாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்து செல்வகுமார் பேக்கிங் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து போட்டான். அவர்களுடைய அப்பா செங்கல்வராயன் பெயின்டர். பூந்தமல்லியைச் சுற்றி எழும்பிய அடுக்குமாடிகளில் பாதிக்குமேல் அவர் கை பட்டது என்பது அவர் கணக்கு. மகள் சுவருக்குப் பலகை அறுப்பதைப் பார்த்துவிட்டு அவர் பதறிப்போனார்.

"இன்னா கண்ணு, வாசக்கால் வைக்காம செவுரு எழுப்பறே? எந்த ஊட்ல அப்படி கட்டறாங்கோ? மொதல்ல வாசக்கால நிறுத்து. அப்புறந்தான் செவுரு."

"இது பொம்மை ஊடு நைனா. செவுத்துல ஓட்டை போட்டு சொருவிக்கலாம்."

"பொம்மை ஊடுன்னா முறை இல்லாம பூடுமா?"

அவர் சொன்னபடியே தீக்குச்சி நீளத்துக்கு ஒரு வாசற்கால் செய்து நிறுத்தினாள். அவர் அதற்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஒரு மாவிலையை நாலாகக் கிழித்துக் கட்டி, கற்பூரமும் காட்டினார். காவ்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு கும்பிட்டாள். ஆனால் வேலை செய்யச் செய்ய அதிலும் ஒரு சௌகரியம் தெரிந்தது. வாசற்கால் முதலில் நின்றதால் கதவின் அளவு தவறவே இல்லை. ஜன்னல்களுக்கும் அப்படியே சட்டத்தை முதலில் செய்து, அதைச் சுற்றிப் பலகையை ஒட்டினாள்.

கதவுகளை ஐஸ் குச்சிகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்தாள். அவை சுழல்வதற்குக் கீல் எங்கே கிடைக்கும்? குண்டூசியின் தலையை நறுக்கிவிட்டு, கதவின் ஓரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று செருகி, அவை சட்டத்தில் இட்ட துளைகளில் உட்காரும்படி செய்தாள். விரல் நுனியால் தொட்டால் கதவு திரும்பியது. முதல் கதவு திரும்பிய அன்று அவள் அதைத் திறந்து, மூடி, திறந்து, மூடி, அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டாள்.

"ஜன்னலுக்குக் கம்பி?" என்று அப்பா கேட்டார்.

"வேணாம் நைனா."

சுவருக்கு, அப்பா கொண்டுவந்த மிச்ச டப்பாவில் இருந்து எலுமிச்சை மஞ்சள் அடித்தாள். கதவு, ஜன்னல்களுக்கு மெல்லிய பிரஷ்ஷால் பச்சை. இடுக்கில் பெயின்ட் இறங்கினால் கதவு பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்கே தோன்றியதால், ஒவ்வொன்றையும் திறந்து வைத்து, ஓரத்தைத் தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். சடங்குக்கு முந்தைய நாள் எல்லாம் காய்ந்து, எல்லாம் திறந்து, எல்லாம் மூடியது. செல்வகுமார் பேட்டரியில் எரிகிற குட்டி விளக்கு ஒன்றை உள்ளே வைத்துக் கொடுத்தான். பொம்மை வீட்டின் கதவு, ஜன்னல்களை மூடி வைத்துவிட்டு, காவ்யா நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் அவளை எழுப்பியது பெயின்ட் வாடை.

செங்கல்வராயன் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பிரஷ். முன்னால் பொம்மை வீடு. வீட்டின் முன்கதவும் ஜன்னல்களும் ஈரப் பச்சையில் கண்ணாடி மாதிரி மின்னின.

"பாத்தியா கண்ணு ஷைனிங்க! எனாமலு. கிரகப்பிரவேசத்தன்னிக்கு விடிகாலைல கடைசி கோட்டிங் ஒண்ணு குடுத்தாதான் ஊட்டுக்குக் களை. நான் வேலை பாத்த எந்த ஊட்லயும் இது தவறினது இல்ல."

காவ்யா மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு ஜன்னலை விரலால் தள்ளினாள். அசையவில்லை. இன்னொன்றைத் தள்ளினாள். கதவைத் தள்ளினாள். மூடியிருந்த நிலையிலேயே அவர் அத்தனையின் மேலும் பிரஷ்ஷை இழுத்திருந்தார். எனாமல் எல்லா இடுக்கிலும் இறங்கிப் பிசின்போல இறுகி, குண்டூசித் துளைகளையும் அடைத்திருந்தது. பெரிய வீட்டில் அந்த இடுக்கு விரல் அகலம் இருக்கும், பெயின்ட் இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. இங்கே இடுக்கு என்பதே நூல் அளவுதான்.

"இன்னாடி, எப்படி கீது?"

அவள் ஜன்னலை மறுபடி தள்ளிக் காட்டினாள். அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் பிரஷ்ஷை மெதுவாகக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த களை எல்லாம் வடிந்துவிட்டது. பெயின்ட்டைக் கரைக்க வீட்டில் இருந்த தின்னரை எல்லாம் முந்தின வேலையில் தீர்த்துவிட்டதாகச் சொல்லி, காலி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, கவிழ்த்தும் பார்த்தார்.

"போற வழில ஹார்டுவேர் கடைல வாங்கிக்கலாம் நைனா" என்றாள் காவ்யா. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஆவடியில் கடை மூடியிருந்தது. பருத்திப்பட்டில் மூடியிருந்தது. வேனின் பின்சீட்டில் சீர்த் தட்டுகளுக்கு நடுவே, வீட்டை மடியில் வைத்துக்கொண்டு காவ்யா ஒவ்வொரு ஷட்டராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பூந்தமல்லியிலும் மூடித்தான் இருந்தது. முன்சீட்டில் அப்பா, தப்பு செய்த பிள்ளைபோல, வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். செல்வகுமார்தான் கத்திக்கொண்டே ஓட்டினான்.

"உன்ன யாரு நைனா கேட்டா? கோட்டிங்காம் கோட்டிங்! இப்ப அந்தம்மா மண்டபத்துக்குப் பின்னாடி கொளுத்தப் போவுது. நான் தாய்மாமன்னு மாலைய போட்டுகினு வேடிக்கை பாக்கணும்."

"வண்டிய பாத்து ஓட்டுடா" என்றார் அவர், சத்தமில்லாமல்.

குமணன்சாவடியில் மண்டபத்துத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் சீர்த் தட்டுகளை இறக்கினார்கள். மேளக்காரர்கள் வந்து நின்றார்கள். இங்கிருந்து ஊர்வலமாக மண்டபத்துக்குள் போக வேண்டும், அதுவும் நல்ல நேரம் தாண்டுவதற்குள். காவ்யா வீட்டை இறக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு பெயின்ட்டை முகர்ந்தாள். எனாமல் இன்னும் முழுக்கக் காயவில்லை; பிசுபிசுத்தது. கரைக்க ஏதாவது கிடைத்தால் போதும். தின்னர் வாடையை நினைத்ததும் அவளுக்கு இன்னோர் இடம் ஞாபகம் வந்தது. போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது, அனுசுயாவின் பார்லரில் ஒரு பெண்ணின் நகத்தில் பழைய பாலிஷைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் அடித்தது இதே வாடைதான். அப்பாவின் சட்டையில் அடிக்கிற வாடை.

"அண்ணா, நான் வர்ற வரைக்கும் சீரை நவுத்தாத" என்றாள்.

"எங்கடி போறே?"

அவள் வீட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்துவிட்டாள்.

பெண்ணை அலங்கரிக்கிற அறையில் ஏசி ஓடியது. பிரியா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அனுசுயா அவளுக்குச் சவுரி வைத்துப் பின்னி, ஜடை பில்லை குத்திக்கொண்டிருந்தாள். மேசைமேல் மூன்று தட்டுப் பெட்டி விரித்து வைத்திருந்தது. அதில் எத்தனை பாட்டில்கள், எத்தனை டப்பாக்கள்!

"சித்தி! ஊடு!" என்று பிரியா துள்ளினாள்.

"ஆடாதடி, பில்லை கோணிக்கும்" என்று அவள் தலையை அழுத்திப் பிடித்த அனுசுயா, வாயில் கவ்வியிருந்த ஊக்கை எடுத்துவிட்டு காவ்யாவைப் பார்த்தாள். "இன்னா?"

பள்ளிக்கூடத்தில் மேசையைப் பிடித்த மாதிரி காவ்யா வீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இதோ, மறுபடியும். பதிலும் பேச்சும் நாளைக்குப் பாத்திரம் துலக்கும்போது வரும். நாளைக்கு வந்து என்ன புண்ணியம்? அதற்குள் இது சாம்பலாகிவிடும்.

"அக்கா," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. பரவாயில்லை, வந்துவிட்டது. "உங்க நெயில் பாலிஷ் ரிமூவர் வேணும்."

"உன் நகத்துல பாலிஷே இல்லியே?"

"எனக்கில்ல அக்கா. ஊட்டுக்கு. நைனா காலைல மேல எனாமல் அடிச்சிட்டாரு. கதவு, ஜன்னலு எல்லாம் ஒட்டிக்கிச்சு."

அனுசுயா வாய்விட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அட, பெயின்டர் மாமா எனக்கு வேலையே வைக்கல போ! இன்னாடா, பேச்சுவாக்குல சொல்லிட்டமே, புள்ள மனசு கஷ்டப்படுமேன்னு நெனைச்சேன். இப்ப அவங்க நைனாவே குட்சையாக்கிட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துக்க, எடுத்துக்க. பெட்டில இன்னா வேணுமோ எடுத்துக்க. பொண்ணுக்கு மேக்கப் முடிஞ்சிச்சி, குட்சைக்கும் பண்ணு. நான் போயி மேடைய பாக்கறேன். நெருப்புப் பெட்டியும் சொல்லி வைக்கணும்."

கதவைச் சாத்திக்கொண்டு அவள் போனதும் பிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"அழுவாத," என்றாள் காவ்யா. "மை கலைஞ்சிபூடும். அந்தப் பஞ்சை எடு."

மேசையில் இடம் ஒதுக்கி, காகிதம் விரித்து, வீட்டை வைத்தாள். ரிமூவரில் பஞ்சுக் குச்சியை நனைத்து முன்கதவின் இடுக்கில் மெதுவாக ஓட்டினாள். பச்சை கரைந்து பஞ்சில் ஏறியது. இன்னொரு குச்சி. இன்னொரு குச்சி. கொண்டை ஊசியின் முனையால் துளையைக் கிளறி, குண்டூசியை இடுக்கியால் பிடித்து இழுத்தாள். புருவம் பிடுங்குகிற இடுக்கிதான். கதவு கையோடு வந்தது!

"வந்திச்சி!" என்று பிரியா கத்தினாள்.

அதன்பிறகு கைகள் தாமாக ஓடின. ஒவ்வொரு ஜன்னலாகக் கழன்று காகிதத்தில் வரிசையாகப் படுத்தது. ஓரங்களை நகம் ராவுகிற அரத்தால் ராவினாள். அப்பா பயன்படுத்தும் உப்புத் தாளைவிட அது வழவழப்பாக வேலை செய்தது. ஆனால் எல்லாவற்றையும் துடைத்து முடித்துப் பார்த்தபோது மனசு கொஞ்சம் சோர்ந்தது. புதுப் பச்சையோடு பழைய பச்சையும் போய்விட்டது. கதவுகள் ஐஸ் குச்சிகளாகவே, திட்டுத் திட்டாகக் கறை பிடித்துக் கிடந்தன. திறக்கும், சரி. ஆனால் இந்தக் கோலத்திலா மேடையேற்றுவது? பச்சை பெயின்ட்டோ அண்ணனூரில்.

வெளியே மேளக்காரர்கள் தாளம் தட்டிப் பார்த்தார்கள்.

"சித்தி," என்றாள் பிரியா. அவள் பெட்டியின் கீழ்த் தட்டை இழுத்திருந்தாள். அதில் நெயில் பாலிஷ் பாட்டில்கள் பள்ளிக்கூட வரிசைபோல நின்றன. "இதுவும் பெயின்ட்டுதானே?"

காவ்யா அவளைப் பார்த்தாள். பாட்டில்களைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள்.

"எந்தக் கலரு?"

"எல்லாக் கலரும்! ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒண்ணு. கதவுக்கு இது." அவள் எடுத்தது அடர்ந்த செம்மண் நிறம், பொன் துகள் கலந்தது. பெட்டியிலேயே பெரிய பாட்டில்.

கதவுகளைக் கழற்றிய நிலையிலேயே, காகிதத்தில் படுக்கவைத்து, முகப்பில் மட்டும் பூசினாள். ஓரத்தில் ஒரு துளிகூட இறங்கவில்லை. முதலில் பூச வேண்டும், பிறகு மாட்ட வேண்டும் என்று இத்தனை நாள் தனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். வாசற்காலை நிறுத்துவதில் அப்பா சொன்னது சரி. பெயின்ட் விஷயத்தில் பொம்மை வீட்டுக்கு முறையே வேறு. பாலிஷ் பூசி முடிப்பதற்குள் முதலில் பூசியது காய்ந்துவிட்டது. நகத்தில் காய்கிற சமாசாரம், மரத்தில் காயக் கேட்பானேன்? மாட்டும்முன் ஒவ்வொரு ஓரத்திலும் முகப்பவுடரை விரலால் தடவினாள். குண்டூசிகளைத் துளைகளில் உட்காரவைத்தாள். மூச்சை இழுத்து, செம்மண் நிறக் கதவின்மேல் ஊதினாள்.

கதவு தானாகத் திறந்தது.

ஊர்வலம் புறப்பட்டபோது நல்ல நேரம் இன்னும் மிச்சமிருந்தது. செல்வகுமார் முன்னால் நடந்தான். என்ன ஆயிற்று என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் இல்லை, காவ்யாவும் சொல்லவில்லை. வீட்டின்மேல் ஒரு பட்டுத் துணியைப் போர்த்தி அவளே சுமந்து வந்தாள். பழத்தட்டும் பூத்தட்டும் வளையல் தட்டும் மேடையில் அடுக்கப்பட்டன. பிரியாவுக்கு நலங்கு வைத்தார்கள். தாய்மாமன் மாலை போட்டான். புகைப்படக்காரர் எல்லாரையும் இடது பக்கமும் வலது பக்கமும் நகர்த்தினார்.

கடைசியில் முன்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "மாமன் குட்சை எங்க?"

"அதானே?" என்றபடி அனுசுயா மேடையேறினாள். கையில் கற்பூரத் தட்டு, தட்டில் நெருப்புப் பெட்டி. மைக்குக்காரனிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். பார்லர் திறப்பு விழாவில் இருந்தே அவளுக்கு மைக் பழக்கம். "சொந்தக்காரங்க எல்லாம் கேட்டுக்குங்க. மாமன் ஊடு பலகைல கட்டிகினு வந்துகீறாங்கோ. கதவு, ஜன்னலு தொறந்தா அது ஊடு. தொறக்கலைனா குட்சை. குட்சைனா இன்னா பண்ணணும்?"

"கொளுத்தணும்!" என்று இளவட்டங்கள் கூவின. கூட்டம் சிரித்தது. செங்கல்வராயன் கடைசி வரிசையில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"துணிய எடு" என்றாள் அனுசுயா.

காவ்யா துணியை எடுத்தாள்.

எலுமிச்சை மஞ்சள் சுவர். அதில் இளஞ்சிவப்பில் ஒரு ஜன்னல், நீலத்தில் ஒன்று, ஊதாவில் ஒன்று, வெள்ளியில் ஒன்று, செம்மண் பொன்னில் கதவு. மேடை விளக்கு பட்டு ஒவ்வொன்றும் ஜொலித்தது. "அய்யோ, எவ்ளோ அழகா கீது!" என்று யாரோ ஒரு பெண் தன்னை மறந்து சொன்னாள். அனுசுயாவின் கண் சற்றுச் சுருங்கியது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"அழகெல்லாம் சரி. தொறக்குமா?"

"தொறக்கும்," என்றாள் காவ்யா.

மைக் பக்கத்தில் இருந்ததால் அந்த ஒற்றைச் சொல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பந்தி போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. அவள் குரலை முதல்முதலாகக் கேட்கிற சொந்தக்காரர்கள் பலர் அங்கே இருந்தார்கள். அவர்கள் யார் பேசியது என்று தேடினார்கள். காவ்யா பின்வாங்கவில்லை. "நீங்களே தொறந்து பாருங்க அக்கா. எதை வேணும்னாலும்."

அனுசுயா மைக்கைக் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். இருப்பதிலேயே சின்னதாக, ஓரத்தில் இருந்த ஊதா ஜன்னலைத்தான் தேர்ந்தெடுத்தாள். ஆள்காட்டி விரலால் பலமாகத் தள்ளத் தயாராகக் கையைக் கொண்டுபோனாள். பலமே வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் திறந்துகொண்டது. நீல ஜன்னலைத் தொட்டாள். திறந்தது. வெள்ளி, இளஞ்சிவப்பு, எல்லாம் திறந்தன. கதவை பிரியா தானே திறந்தாள், நாற்காலியில் இருந்து எழுந்து வந்து, மாலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு. செல்வகுமார் பின்னால் கைவிட்டு விளக்கைப் போட்டான். திறந்திருந்த எல்லா ஜன்னல் வழியாகவும் வெளிச்சம் வெளியே வந்து விழுந்தது.

விசில் பறந்தது. மேளக்காரர் யாரும் கேட்காமலே ஒரு தட்டு தட்டினார். செங்கல்வராயன் கடைசி வரிசையில் இருந்து, "என் பொண்ணு கட்டின ஊடு! வாசக்கால் வெச்சி கட்டின ஊடு!" என்று பக்கத்து நாற்காலிக்காரரின் தோளைக் குலுக்கினார். கூட்டம் மேடைப் பக்கம் நெருக்கியது. ஆளாளுக்கு ஒரு ஜன்னலைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஒண்ணு செஞ்சி தருவியாம்மா என்று ஒரு பெண் காவ்யாவின் கையைப் பிடித்தாள். "இன்னா பெயின்ட்டும்மா இது, இப்படி மின்னுது?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"நெயில் பாலிஷ்," என்றாள் காவ்யா. "அனுசுயாக்கா குடுத்தாங்க."

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பெட்டியில் என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னது அனுசுயாதானே! ஆனால் முன்வரிசைக் குரல் சும்மா இருக்குமா? "ஏ அனுசுயா, பாலிஷும் நீயே குடுப்பே, நெருப்புப் பெட்டியும் நீயே எடுத்துகினு வருவியா?"

மண்டபம் அதிர்ந்தது. பிரியா சிரிப்பில் குலுங்கியதில் ஜடை பில்லை கோணிக்கொண்டது. காவ்யாவும் சிரித்தாள், தலையைக் குனிந்துகொள்ளாமல்.

அனுசுயா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. செம்மண் நிறக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதே நிறம் அவள் விரல் நகங்களிலும் மின்னிக்கொண்டிருந்தது. கூட்டம் கொஞ்சம் விலகியதும், சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு மேடையிலேயே மண்டியிட்டாள். ஊதா ஜன்னலுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடி, உள்ளே பார்த்தாள். உள்ளேயிருந்த வெளிச்சம் அவள் கன்னத்தில் சதுரமாக விழுந்தது. இரண்டு தடவை அந்த ஜன்னலை மூடினாள், திறந்தாள். மூன்றாவது தடவை மூடவில்லை.

திறந்தபடியே அதை விட்டுவிட்டு, கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு மேடையில் இருந்து இறங்கிப் போனாள்.